ஊர்ச் சாமான்

ஆவணி 3, சனி

இன்று அம்மியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன்.

இந்த வசனத்தை எழுதிவிட்டுத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. அறுபத்து மூன்று வயதில், நோர்வேயின் வட முனையில், மரம் ஒன்றுகூட முளைக்காத மொட்டை மலையில், முதுகுப்பையில் அம்மியும் கையில் குழவியுமாக நான் ஏறினேன். முன்னால் என் மனைவி தயாநிதி கமராவோடு போனாள். "கெதியா வாங்கோ, முகில் போகப்போகுது" என்று திரும்பித் திரும்பிச் சொன்னாள். முகிலுக்கு என்ன, அது அம்மி சுமக்கவில்லை.

தயா முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்து போன வருடம் ஓய்வு பெற்றவள். சும்மா இருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் மாரித் என்ற பெண் நடத்தும் புகைப்பட வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். நாங்கள் முன்பு வேலை செய்த மீன் பக்டரிதான் இப்போது கலைக்கூடம். மீன் வெட்டிய இடத்தில் படம் மாட்டுகிறார்கள். வீட்டுச் சாமானை வெட்டவெளியில் வைத்துப் படம் எடுப்பது தயாவின் கலை. மாரித்துக்கு அது பிடித்துப்போய், ஐப்பசியில் ஒரு கண்காட்சி வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

இந்த அம்மி எங்களுடையது அல்ல, செல்வரட்ணத்தினுடையது. ஒரு காலத்தில் இந்தக் கரையோர ஊரில் இருபது தமிழ்க் குடும்பம் வரையில் இருந்தது. எல்லோருக்கும் மீன் பக்டரியில் வேலை. பக்டரி மூடியதும் ஒவ்வொருவராக ஒஸ்லோவுக்குப் போனார்கள். போகும்போது பாரமான சாமான்களை எங்கள் வீட்டு நிலவறையில் இறக்கிவிட்டு, "கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும் அண்ணை" என்றார்கள். கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. இப்போது ஊரில் மிச்சம் நாங்கள் இரண்டு பேரும் அவர்களுடைய சாமான்களும்தான்.

செல்வரட்ணம் இந்த அம்மியை அளவெட்டியிலிருந்து விமானத்தில் கைப்பையில் கொண்டு வந்தவன். ஒஸ்லோவில் சுங்க அதிகாரி அதை மேசையில் வைத்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார். இவனுக்கு ஆங்கிலமும் இல்லை, நோர்வேஜிய மொழியும் இல்லை. "ஊர்ச் சாமான்" என்று தமிழிலேயே, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல, உரத்துச் சொன்னானாம். விட்டுவிட்டார்கள். பக்டரியில் வருடக்கணக்காக இதைச் சொல்லிச் சிரித்தோம்.

கடலைப் பார்த்த ஒரு பாறையில் அம்மியை வைத்தேன். "தள்ளி நில்லுங்கோ, உங்கட நிழல் விழுது" என்றாள் தயா. தள்ளிப் போய் இருந்து, போத்தலில் கொண்டு போன தேத்தண்ணியைக் குடித்தேன். கீழே துறைமுகம், பக்டரி, எங்கள் மஞ்சள் வீடு எல்லாம் தெரிந்தன. அழகான ஊர் என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆவணி 5, திங்கள்

காற்று. இடுப்பு நோ. அம்மியின் வேலை.

ஆவணி 11, ஞாயிறு

பாக்கியம் அக்காவின் நீத்துப்பெட்டிக்கு இன்று முறை. பனையோலையில் பின்னிய, புட்டு அவிக்கிற கூம்புப் பெட்டி. இந்த ஊரில் மாசி மாதத்தில் கொட் மீனை மரச்சட்டங்களில் சோடி சோடியாகக் கட்டித் தொங்கவிட்டுக் காற்றிலேயே காயவைப்பார்கள். இப்போது சட்டங்கள் வெறுமையாக நிற்கின்றன. அவற்றின் நடுவில் தயா அந்த ஒற்றை நீத்துப்பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டாள். பனை எங்கே, இந்தக் கடல் எங்கே. காற்றில் அது மெல்ல ஆடியது. நான் ஒரு பகிடி சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

தயா வந்து சேர முந்திய என் முதல் மாரி பாக்கியம் அக்காவின் வீட்டில்தான் கழிந்தது. சூரியன் எழும்பாத இரண்டு மாதம். ஒரே குசினியில் ஆறு பேர். பக்டரியிலிருந்து மீன் மணத்தோடு வந்து, கை விறைத்துப்போய் நிற்கும்போது அக்கா அந்தப் பெட்டியிலிருந்து புட்டைக் கவிழ்ப்பா. ஆவி எழும்பும். எல்லோரும் கையை அந்த ஆவியில் பிடிப்போம், பிறகுதான் சாப்பாடு. ஷெல் குண்டுச் சத்தம் இல்லாத இடத்தில் புட்டுச் சாப்பிடுவது அதுதான் எனக்கு முதல் தடவை. அன்றைக்கு வந்த நித்திரை மாதிரி ஒரு நித்திரை பிறகு எனக்கு வரவில்லை.

பின்னேரம் ஒஸ்லோவிலிருந்து மகள் ஆரணி தொலைபேசியில் வந்தாள். பிள்ளை பிறக்க இன்னும் மூன்று மாதம். தயா குசினியில் நின்று கதைத்தாள். "ஓமம்மா, வீட்டை வித்துப்போட்டு வாறம்" என்று அவள் சொன்னது முன்னறையில் இருந்த எனக்குக் கேட்டது.

தொலைபேசியை வைத்ததும், "இதைப் பற்றி நாங்கள் கதைப்பம்" என்றேன். "கதைப்பம்" என்றாள். கதைக்கவில்லை. செய்தி பார்த்தோம்.

ஆவணி 18, ஞாயிறு

முல்தே பழம் பிடுங்கப் போனோம். சதுப்பு நிலத்தில் முழங்காலுக்குக் கீழே காய்க்கிற செம்மஞ்சள் பழம். இந்த ஊர்க்காரர் தங்கள் பழம் பிடுங்கும் இடத்தைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லமாட்டார்கள். எனக்கு ஓர் இடம் தெரியும். நானும் சொல்லமாட்டேன்.

தயா அதில் ஜாம் காய்ச்சிப் போத்தலில் அடைத்தாள். போத்தல்களை நீத்துப்பெட்டிக்குள் வைத்துத் துணியால் சுற்றி, பாக்கியம் அக்காவின் ஒஸ்லோ விலாசத்தை எழுதினாள்.

"பெட்டியை அனுப்பினால் போதாதோ? ஜாம் ஏன்?" என்று கேட்டேன்.

"வெறும் பாத்திரம் திருப்பிக் குடுக்கிறேல்லை. தெரியாதோ உங்களுக்கு?"

தெரியும். அம்மா பக்கத்து வீட்டுச் சட்டியைக் கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பா. எனக்குத் தெரியாதது, இவள் ஏன் திடீரென்று எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கிறாள் என்பதுதான். இடியப்ப உரல், தேங்காய்த் திருவலை, பொங்கல் கிடாரம் என்று ஒவ்வொன்றும் படம் எடுத்த சில நாளிலேயே பார்சலாகிப் போகிறது. உரலுக்குள் காய்ந்த காட்டுப்பழம், கிடாரத்துக்குள் காய்ந்த கொட் மீன்.

நிலவறை காலியாவது நல்லதுதான். ஈரம் பிடிக்காது. அதைத் தவிர வேறு காரணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆவணி 26, திங்கள்

வீடு விற்றுத் தரும் முகவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தவரை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. வீடு பார்க்க ஆட்கள் வரும் நாளில் பாண் சுட்டு வைக்கச் சொன்னார். அந்த மணத்துக்கு ஆட்கள் மயங்குவார்களாம்.

புரட்டாதி 7, சனி

முதல் ஆள் வந்தான். தெற்கத்தியான், கவிஞனாம், அமைதி தேவையாம். அமைதிக்குக் குறையில்லை என்றேன். மாரியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது கூரை அழுகிற சத்தம் கேட்கும், அது பழகிவிடும், எனக்கு ஒன்பது வருடத்தில் பழகியது என்றும் சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்.

அவன் தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டான்.

புரட்டாதி 15, ஞாயிறு

இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்தது. பனி கொட்டினால் வீதியை மூடிவிடுவார்கள், ஒருமுறை நான்கு நாள் பாண் இல்லாமல் இருந்தோம் என்று சொன்னேன். பிள்ளைகளின் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முதியவர் ஒருவரும் வந்தார். அவருக்கு நிலவறைப் படியின் செங்குத்தைக் காட்டினேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு தயா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"வந்து பாத்த எல்லாரும் ஓடிட்டினம். வீடு பிழையோ, வீட்டுக்காரன் பிழையோ?"

"நான் பொய் சொல்லிறேல்லை."

"பொய் சொல்லேல்லை. ஆனா எனக்கு விளங்காதெண்டு நினைக்காதேங்கோ." கத்தியை வைத்தாள். "நான் ஐப்பசிக் கடைசியில வெளிக்கிடுறன். ஆரணிக்குப் பிள்ளை பிறக்கேக்க பக்கத்தில நிக்கவேணும். அதுக்குப் பிறகும் அங்கதான் நிப்பன். வீடு விக்குதோ விக்கேல்லையோ. நீங்கள் வாறியளோ எண்டு கேக்கமாட்டன். கேட்டா நீங்கள் பகிடி விடுவியள்."

நான் ஏதோ பகிடி சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

புரட்டாதி 16, திங்கள்

துறைமுகத்துக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிரே வந்த ஒவ்வொருவரும் பெயர் சொல்லி நலம் கேட்டார்கள். ஒஸ்லோவில் மகளின் மாடிவீட்டில் நான் யார்? தாத்தா. லிஃப்டில் ஏறி இறங்குகிற, ஒருவருக்கும் பெயர் தெரியாத ஒரு தாத்தா. இந்த ஊரில்தான் நான் பயமில்லாமல் மனிதனாக நடமாடத் தொடங்கினேன். இதை விட்டுப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. தயா இல்லாத வீட்டில் தனியே இருக்கவும் பயமாக இருக்கிறது. எது கூடப் பயம் என்று தெரியவில்லை.

இதை எழுதியிருக்க வேண்டாம்.

புரட்டாதி 22, ஞாயிறு

செல்வரட்ணத்தோடு தொலைபேசியில் கதைத்தேன். அம்மியை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாமண்ணை, எனக்கு மிக்சி கிடக்கு. அந்தப் படத்தை மட்டும் அனுப்புங்கோ" என்றான். படத்தில் என்ன தெரியுது என்று கேட்டான். மலை, கடல், கீழே பக்டரி, நடுவில் உன் அம்மி என்றேன். பிறகு பக்டரி நிறம் இன்னும் சிவப்பா என்று கேட்டான்.

புரட்டாதி 28, சனி

இன்றைக்கு நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

காலையில் தயா மாரித்தோடு படங்களுக்குச் சட்டம் போடப் போய்விட்டாள். மத்தியானம் வீடு பார்க்க ஒரு சோடி வருவதாக முகவர் சொல்லியிருந்தார். மணத்துக்கு மயங்குவார்கள் என்றும் அவர்தானே சொன்னார். நான் குளிர்பெட்டியின் அடியிலிருந்து, போன வருடம் ஒஸ்லோத் தமிழ்க்கடையில் வாங்கிய கட்டாக் கருவாட்டை எடுத்தேன். பாதியைப் பொரித்தேன். பாதியைப் பழப்புளி விட்டு, கத்தரிக்காய் போட்டுக் குழம்பாக வைத்தேன். யன்னல்களைச் சாத்தினேன். குளிராக இருந்தது, அதனால் சாத்தினேன்.

வந்தவர்கள் பிலிப்பைன்ஸ்காரர். ரொடெல், மரிசெல். பக்கத்து ஊரில் புதிதாகத் தொடங்கிய நண்டுத் தொழிற்சாலையில் இரண்டு பேருக்கும் வேலை. கதவைத் திறந்ததும் முகவர் மூக்கைப் பொத்தினார். மரிசெல் அப்படியே நின்றாள். சப்பாத்தைக் கழற்றியபடி மூச்சை இழுத்தாள். அறைகளைப் பார்க்காமல் நேரே குசினிக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்தாள்.

"காய்ந்த மீனா?" என்று தட்டுத்தடுமாறிய நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"ஓம்" என்றேன். தமிழில் வந்துவிட்டது.

"நாங்கள் இருக்கிற இடத்தில் இதைப் பொரிக்க விடமாட்டார்கள். பக்கத்து அறையில் முறைப்பாடு செய்வார்கள்." பிறகு கேட்டாள், "இங்கே பொரித்தால் யாராவது ஏதாவது சொல்வார்களா?"

முப்பது வருடத்துக்கு மேலாக இந்தக் குசினியில் நாங்கள் கருவாடு பொரிக்கிறோம். பக்கத்து வீட்டு ஓலாவ் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஒருமுறை தட்டோடு வந்து கேட்டும் இருக்கிறார். பொய் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் என்னால் முடியவில்லை.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்று தமிழில் சொல்லி, பிறகு அவளுடைய மொழியும் இல்லாத, என்னுடைய மொழியும் இல்லாத நோர்வேஜியத்தில் திரும்பவும் சொன்னேன்.

சோறு வடித்திருந்தேன். போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் கையால் சாப்பிட்டார்கள். முகவர் வெளியே காரில் போய் இருந்தார். சாப்பிட்டு எழும்பி, மரிசெல் குசினி யன்னலடியில் நின்று வெளியே பார்த்தாள். மணிலாவில் தன் தாயோடு நிற்கும் மகளை இங்கே எடுப்பிக்க ஒரு வீடு வேண்டும் என்றாள். பிறகு, "இங்கே மரமே இல்லையே" என்றாள்.

தயா இந்த ஊருக்கு வந்த முதல் நாள், இதே யன்னலில் நின்று, இதைத்தான் சொல்லி அழுதாள். அன்றைக்கு அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேனோ அதையே மரிசெல்லுக்கும் சொன்னேன். "மரம் இல்லாததால் கடல் மறையாது."

தயா பின்னேரம் வந்து வாசலில் நின்று மணந்தாள்.

"கருவாடோ? வீடு பாக்க ஆக்கள் வாற நாளிலயோ?"

நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "ம்."

"சரிதான். என்ன சொன்னவை?"

"ரெண்டாந்தரமும் சோறு கேட்டவை."

அவள் கதிரையில் இருந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மிச்சக் குழம்பை நாங்கள் சாப்பிட்டோம். நல்லாயிருந்தது.

ஐப்பசி 3, வியாழன்

முகவர் அழைத்தார். மரிசெல்லும் ரொடெலும் வீட்டைக் கேட்டிருக்கிறார்கள். கண்காட்சி முடிந்து திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்றேன். தயாவிடமும் சொன்னேன். "ம்" என்றாள். இந்தக் காலத்தில் அவளும் என்னைப்போல் கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

ஐப்பசி 12, சனி

கண்காட்சி. முன்பு மீனைச் சுமந்துகொண்டு ரப்பர் பட்டி ஓடிய மண்டபத்தில் வெள்ளைச் சுவர். ஊரே வந்திருந்தது. ஓலாவ் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். ஒஸ்லோவிலிருந்து செல்வரட்ணம் சொல்லாமல் வந்து, அம்மியின் படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பாக்கியம் அக்காவுக்குப் பயணம் செய்ய முடியவில்லை. ஜாம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லியனுப்பியிருக்கிறா.

ஒவ்வொரு படத்தின் கீழும் தயா ஒரு சிறு அட்டையில் தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் எழுதியிருந்தாள். பொருள் என்ன, உரியவர் யார், எங்கிருந்து வந்தது, இப்போது எங்கே. நீத்துப்பெட்டி, பாக்கியம், மானிப்பாயிலிருந்து, இப்போது ஒஸ்லோவில். இப்படியே வரிசையாக.

நான் எங்கள் வீட்டுச் சாமானைத் தேடினேன். தயா ஊரிலிருந்து கொண்டு வந்த சோற்றுப்பானையைத்தான் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். நான் நின்று மீன் வெட்டிய மூலையில்தான் கடைசிப் படம் இருந்தது. பானை இல்லை. மலை, கீழே ஊர், மஞ்சள் வீடு. பாறையில் ஒரு கிழவன் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கிறான். பக்கத்தில் தேத்தண்ணிப் போத்தல். அவன் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், அவனுக்கு அங்கிருந்து எழும்ப மனமில்லை என்பது யாருக்கும் தெரியும். எனக்குக்கூடத் தெரிந்தது.

நிழல் விழுகிறது, தள்ளி நில்லுங்கோ என்று சொன்னவள் அதற்குப் பிறகு கமராவை என் பக்கம் திருப்பியிருக்கிறாள்.

அட்டையை வாசித்தேன். பொருள்: குலசிங்கம். உரியவர்: தயாநிதி. வந்தது: சுதுமலையிலிருந்து. இப்போது எங்கே என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதில எழுத மறந்துபோட்டீர்" என்றேன்.

"மறக்கேல்லை."

ஒரு பகிடி இருந்தது. அதை விழுங்கிவிட்டேன். மாரித்திடம் பேனை வாங்கி, சுவரோடு அட்டையைப் பிடித்து, "வழியில்" என்று எழுதினேன்.

"உங்கட எழுத்து ஒருநாளும் நேரா வராது" என்றாள் தயா. என் கையைப் பிடித்தாள். இத்தனை பேருக்கு முன்னால், நோர்வேஜியர் மாதிரி, பிடித்தபடியே நின்றாள்.

ஐப்பசி 14, திங்கள்

முகவருக்கு ஓம் சொல்லியாயிற்று. கூரைச் சத்தத்தையும் மரிசெல்லுக்குச் சொல்லச் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரியுமாம். புயலில் கூரையே பறந்த வீட்டில் வளர்ந்தவளாம்.

ஐப்பசி 25, வெள்ளி

அம்மி குசினியிலேயே இருக்கிறது. செல்வரட்ணம் மரிசெல்லுக்குக் கொடுக்கச் சொன்னான். அதில் என்ன அரைக்கலாம் என்று அவளுக்குச் செய்து காட்டினேன். அடுப்பில் ஒரு சட்டி கருவாட்டுக் குழம்பும் வைத்திருக்கிறேன். முல்தே பழம் பிடுங்கும் இடத்தையும் சொல்லிவிட்டேன்.

ஐப்பசி 26, சனி

விமானத்தில் இருந்து எழுதுகிறேன். தயா யன்னல் பக்கம்.

சோற்றுப்பானையை நான்தான் கையில் கொண்டு வந்தேன். புது வீட்டுக்கு வெறும் பானையோடு போகக்கூடாது என்று காலையில் நானே அதை நிரப்பினேன். தயாவிடம் சொல்லவில்லை. விமான நிலையத்தில் பானை சோதனை இயந்திரத்துக்குள் போய் வந்ததும் மணி அடித்தது. சீருடை போட்ட பெண் மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். காய்ந்த கொட் மீன் இரண்டு. ஒரு போத்தல் ஜாம், அதை விமானத்தில் கொண்டுபோகக் கூடாதாம், முகம் சுளித்துப் பக்கத்தில் தள்ளி வைத்தாள். கடைசியாக, மலையில் அம்மி இருந்த பாறையின் அடியிலிருந்து நான் எடுத்த ஒரு கறுப்புக் கல்.

"இது என்ன?" என்று கேட்டாள்.

கல் என்பதற்கு அவளுடைய மொழியில் எனக்குச் சொல் தெரியும். முப்பத்தைந்து வருடமாகக் கதைக்கிற மொழி. ஆனால் வாயில் வந்தது அது இல்லை.

"ஊர்ச் சாமான்" என்றேன், தமிழில், கொஞ்சம் உரத்து.

பின்னால் நின்ற தயா சிரிப்பதும் மூக்கை உறிஞ்சுவதும் ஒன்றாகக் கேட்டன. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். கல்லையும் மீனையும் திரும்பப் பானைக்குள் வைத்து, மூடியைப் போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் தந்தாள்.